திண்ணைக்கு அடியில் பெருச்சாளி: வாசல் தரையைச் சரிசெய்யும் வழி

காலையில் கோலம் போட வந்தால் திண்ணையோரம் இரண்டு படி மண் குவிந்து கிடக்கிறது. நேற்று இரவு இல்லாத மண். பக்கத்திலேயே முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. வாசல் தரையைக் குதிகாலால் தட்டினால் ஒரு இடத்தில் ‘டக் டக்’, இரண்டடி தள்ளித் தட்டினால் ‘தொம் தொம்’. வடசென்னையில் தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பழைய வீட்டை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது ஒரு நாள் நடந்தே தீரும். வீட்டைச் சேதப்படுத்தும் விலங்கு என்றதும் யானையும் பன்றியும் நினைவுக்கு வரும். நம் ஊரில் வீட்டைத் தோண்டுவது பெருச்சாளிதான். ஆங்கிலக்காரர்கள் இதற்கு வைத்த ‘பேண்டிகூட்’ என்ற பெயரே தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போனது. பன்றி எலி என்று அர்த்தம். ஆளைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை மறுக்க மாட்டார்கள்.

என் வீட்டில் முதல் தடவை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பொந்தைப் பார்த்ததும் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொந்துக்குள் திணித்து, மேலே ஒரு பாண்டு கலவையைக் கொட்டி, வழவழவென்று பூசிவிட்டுக் கூலி வாங்கிப் போனார். எனக்கும் திருப்திதான். நான்கு மாதம் கழித்து ஸ்கூட்டரின் பின்சக்கரம் திண்ணைக்கு முன்னால் இருந்த தரையோடு உள்ளே இறங்கியது. உடைத்துப் பார்த்தால் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு வெறும் குகை. ஓரத்தில் அந்த பாட்டில் துண்டுகள் பத்திரமாக இருந்தன. பெருச்சாளி அதைத் தொடவே இல்லை, பக்கவாட்டில் வேறு வழி போட்டிருந்தது. பாட்டில் குத்தி ரத்தம் வந்தது எனக்குத்தான்.

பூச்சு வேலை என்பது கடைசி நாளின் வேலை. அதற்கு முன்னால் மண் வேலை இருக்கிறது, அதற்கும் முன்னால் பைப் வேலை இருக்கிறது. இந்த வரிசையை மாற்றினால் காசு இரண்டு தடவை செலவாகும்.

செய்தது யார் என்று பார்ப்பது

பொந்தின் வாய் மூன்று, நான்கு அங்குலம் இருந்து, வெளியே புதுமண் குவிந்திருந்தால் பெருச்சாளி. இதில் சின்ன வகை ஒன்று உண்டு. அது உள்ளே இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகவே ‘பொந்து மூடியிருக்கிறது, போய்விட்டது போல’ என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஒற்றைப் பொந்து என்றும் நம்ப வேண்டாம். திண்ணையின் பின்பக்கம், பக்கத்துச் சந்து, செடித்தொட்டிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம் என்று நான்கைந்து வாய் இருக்கும். எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு எண் எழுதுங்கள்.

மண் குவியலே இல்லை, ஆனால் தரை இறங்கியிருக்கிறது என்றால் பெருச்சாளியைக் குறை சொல்லாதீர்கள். அங்கே பைப் கசிந்து மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. பாதி வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

சேதம் தரையில் இல்லாமல் மேலே ஓட்டுக்கூரையில் இருந்தால் கதை வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உள்ளே ஆள் இருக்கிறதா

சாயங்காலம் ஒவ்வொரு பொந்திலும் ஒரு தினசரித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள். இறுக்க வேண்டாம். காலையில் தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தாலோ உள்ளே இழுக்கப்பட்டிருந்தாலோ அது நடமாட்டம் உள்ள வழி. மூன்று இரவு தொடர்ந்து செய்தால் எது வாசல், எது கொல்லைப்புறம் என்று தெரிந்துவிடும். பொந்துக்கு முன்னால் கோலமாவைத் தூவி வைத்தால் கால்தடமும் விழும்.

கையை உள்ளே விடவே கூடாது. பெருச்சாளி கடிக்கும் என்பது ஒரு பக்கம். பெருச்சாளியைத் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் அதே பொந்துக்குள் போகும். காலி வளை என்றால் அதிலேயே தங்கியும் விடும். பாம்புச் சட்டை கண்ணில் பட்டாலோ, பாம்பு போனதைப் பார்த்திருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். யாராவது கடிபட்டால் 108.

பொந்தில் தண்ணீர் ஊற்றி விரட்டலாம் என்று தெருவில் நான்கு பேர் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஏற்கெனவே தளர்ந்துபோன மண், நீங்கள் ஊற்றும் பத்துக் குடத்தில் இன்னும் கரைந்து அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து நழுவும். மிளகாய் வற்றல் புகையும் அப்படித்தான். பெருச்சாளி பக்கத்து வீட்டுக்குப் போகும், இருமல் உங்களுக்கு வரும்.

அது ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தது

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

பெருச்சாளிக்குத் தேவை மூன்று: தோண்ட வசதியான மண், தண்ணீர், சாப்பாடு. கடலோரமாக உள்ள காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் மண் பெரும்பாலும் மணல். தோண்ட அதற்குச் சிரமமே இல்லை. மேற்கே வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் களி கலந்த மண். அங்கே தோண்டுவது கடினம், ஆனால் தோண்டிய பொந்து சரியாமல் வருஷக்கணக்கில் நிற்கும். மண்ணை நாம் மாற்ற முடியாது. தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்தலாம்.

வடசென்னையின் பழைய வீடுகளில் வாசலுக்கு நேர் கீழேதான் எல்லாம் ஓடுகிறது. கழிவுநீர் சேம்பர் வாசலில் இருக்கும். மெட்ரோவாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) குழாயில் பொருத்திய அடிபம்பும் வாசலில்தான் இருக்கும். சிலர் அதற்குப் பக்கத்திலேயே நிலத்தடித் தொட்டியும் கட்டியிருப்பார்கள். வீட்டுக்குள்ளிருந்து சேம்பருக்கு வரும் பைப் பழைய கல்நாராகவோ மண் பைப்பாகவோ இருந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். பெருச்சாளிகள் தெருச் சாக்கடைக்குள் நடமாடி, அந்த உடைந்த இணைப்பு வழியாக மண்ணுக்குள் ஏறி, அங்கிருந்து மேலே தோண்டும். நீங்கள் பார்க்கும் பொந்து அதன் பின்வாசல். முன்வாசல் சாக்கடையில் இருக்கிறது. மேலே எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாலும் முன்வாசல் திறந்தே இருக்கும்.

சோதிப்பது எளிது. சேம்பர் மூடியைத் திறந்து, உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்க, இன்னொருவர் குளியலறையில் ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீர் உடனே முழுசாக வந்து சேர்ந்தால் பைப் சரி. பாதிதான் வந்தது, அல்லது மெதுவாக வந்தது என்றால் நடுவில் எங்கோ மண் குடிக்கிறது. சேம்பரின் உள்சுவரில் செங்கல் பெயர்ந்து ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பைப் நுழையும் இடத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

இதைச் சரிசெய்ய பிளம்பர் வேண்டும். உடைந்த பைப்பை எடுத்துவிட்டுப் பி.வி.சி. போட்டு, சேம்பர் சுவரில் பைப்பைச் சுற்றி சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலவையில் அடைத்து, உள்சுவரைப் பூசச் சொல்லுங்கள். மூடி உடைந்திருந்தால் புது மூடி. உங்கள் வீட்டு எல்லைக்கு வெளியே, தெருவில் உள்ள கழிவுநீர்க் குழாயில் அடைப்பு என்றால் அது மெட்ரோவாட்டர் வேலை. மழைநீர் வடிகாலும் குப்பையும் மாநகராட்சி வேலை, எண் 1913. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு வாரம் போகும். அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள், இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள்.

சாப்பாடு விஷயம் சின்னது. இரவில் குப்பைக்கூடையை வாசலில் வைக்காதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் வைத்த சோறு இரவு முழுக்கக் கிடக்கக் கூடாது. மீன் கழுவிய தண்ணீரைத் திண்ணையோரம் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு மீனை விடச் சொல்லவில்லை, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றச் சொல்கிறேன்.

காலி செய்ய வைப்பது

இரும்புக் கூண்டுதான் நல்லது. எலிக்கூண்டு போதாது, பெருச்சாளிக் கூண்டு என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது நெத்திலிக் கருவாடு. முதல் இரண்டு இரவு கதவைக் கட்டித் திறந்தே வைத்துச் சாப்பிடப் பழக்கிவிட்டு, மூன்றாம் இரவு கொக்கியை மாட்டினால் சிக்கும். முதல் நாளே மாட்டினால் ஒன்று சிக்கும், மற்றவை அந்தப் பக்கமே திரும்பாது.

விஷம் வைக்காதீர்கள். தின்றது வெளியே வந்து சாகும் என்று கடைக்காரர் சொல்வார். என் அனுபவத்தில் அது திண்ணைக்கு அடியில்தான் சாகும். பத்து நாள் நாற்றத்தில் வீட்டுக்குள் உட்கார முடியாது. செத்ததைத் தின்னும் பூனை, நாய், காக்கை, ஆந்தைக்கும் கேடு. எதிர்வீட்டு ஆயா, “புள்ளையார் வண்டிப்பா அது, சாவடிக்காத” என்று என்னிடம் சொன்னபோது சிரித்தேன். ஆந்தையை நினைத்துப் பார்த்தால் ஆயா சொன்னதில் தப்பில்லை.

மூன்று இரவு தொடர்ந்து காகிதம் அசையாமல் இருந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள்.

உடைப்பதற்கு முன்னால்

சென்னையின் பழைய பகுதிகளில் மின்சாரம் தெருவிலுள்ள பில்லர் பாக்ஸ் என்ற மின்பெட்டியிலிருந்து மண்ணுக்கு அடியில் கேபிளாக வருகிறது. அது நுழைவது வாசல் வழியாகத்தான். மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே கடப்பாரையை இறக்கும் முன், கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெருச்சாளி கேபிளின் மேலுறையைக் கடித்திருக்கவும் கூடும். உறை கிழிந்து உள்ளே கம்பி தெரிந்தால் தொடாமல் விலகி நின்று, மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். வீட்டு மெயினை அணைத்தால் போதாது. அந்தக் கேபிள் மெயினுக்கு முன்னால் இருக்கிறது.

அடுத்தது தூண். வாசல் கூரையைத் தாங்கும் தூணுக்கு அடியில் குகை போயிருந்தால் இது நீங்களும் நானும் செய்யும் வேலை அல்ல. தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். தூண் சாய்ந்திருந்தாலோ, தூணும் சுவரும் சேரும் இடத்தில் புது விரிசல் இருந்தாலோ, முதலில் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்துக் கூரையின் எடையை வாங்கிவிட்டு, ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். விரிசல் பழசா புதுசா என்று சந்தேகம் வந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் கோட்டைத் தாண்டினால் அது நகர்ந்துகொண்டிருக்கிறது.

வாடகை வீடாக இருந்தால் ஒரு கடப்பாரை அடிகூட விழும் முன்னால் வீட்டுக்காரரிடம் சொல்லி, போட்டோ அனுப்பி, செலவு யாருடையது என்று பேசிவிடுங்கள். உடைத்த பிறகு பேசினால் உடைத்தவர் செலவு என்றுதான் முடியும்.

காலம் பார்க்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தரையைத் திறந்து போட்டால் குழி நிரம்பிவிடும். தை பிறந்ததும் தொடங்குவது உத்தமம். ‘ஆடியில் வீட்டு வேலை தொடங்கக் கூடாது’ என்று யாராவது சொன்னால் இது புதுவீடு இல்லை, ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஆடியில் கொத்தனார்கள் ஓரளவு சுலபமாகவே கிடைக்கிறார்கள்.

உடைத்து சுத்தம் செய்வது

ரப்பர் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முகக்கவசம் மூன்றும் இல்லாமல் இறங்காதீர்கள். பெருச்சாளியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். காலில் சின்ன வெட்டு இருந்தால் போதும். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘பெருச்சாளி வளையைத் தோண்டினேன்’ என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வேறு காய்ச்சல் என்று நினைக்கலாம். சித்தாள் வெறுங்காலோடு இறங்க வந்தால் அவருக்கும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கூலியில் பிடிக்காதீர்கள்.

சுத்தியலின் மரப்பிடியால் தரையை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போய், ‘தொம்’ என்று கேட்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் அரையடி சேர்த்து உடைக்க வேண்டும். கொத்தனார் ஓட்டை அளவுக்கு மட்டும் உடைக்கப் பார்ப்பார். விட்டுக் கொடுக்காதீர்கள். புதுத் தரையின் விளிம்பு கெட்டியான மண்மேல் உட்கார வேண்டும், குகையின் கூரைமேல் அல்ல.

திறந்ததும் உள்ளே பிளாஸ்டிக் கவர், கந்தல், எலும்பு, தேங்காய் ஓடு என்று ஒரு குடித்தனமே இருக்கும். எல்லாவற்றையும் வாரிவிட்டு, தளர்ந்த மண்ணைக் கெட்டி மண் வரும்வரை எடுத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து லேசாகத் தெளித்து ஒரு நாள் காயவிடுங்கள். சுரங்கம் வீட்டுச் சுவருக்கு அடியில் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். போனால் அதன் நீளத்தை ஒரு கம்பியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மண்ணை நிரப்புவது

எடுத்த மண்ணையே திரும்பக் கொட்டி, மேலே நின்று நான்கு தடவை குதித்தால் போதும் என்று நினைப்பார்கள். ஆறு மாதத்தில் அதே இடம் இறங்கும். மண்ணை ஆறு அங்குலம் மட்டும் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, இடிக்கும் சத்தம் மாறும்வரை விடாமல் இடித்து, அடுத்த ஆறு அங்குலம் கொட்ட வேண்டும். ஒன்றரை அடிக் குழி என்றால் மூன்று தடவை. மணலாக இருந்தால் தண்ணீர் விட்டாலே நன்றாக இறங்கிக் கெட்டிப்படும். களிமண்ணைத் திரும்பப் போடவே வேண்டாம், எம்சாண்டோ கிராவலோ வாங்கிப் போடுங்கள். களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கி இடைவெளி விடும்.

சுவருக்கு அடியில் போன சுரங்கத்தில் திமிசு போகாது. அங்கே மண்ணைத் திணிப்பது வீண். சிமெண்ட் ஒன்று, மணல் நான்கு, முக்கால் அங்குல ஜல்லி எட்டு என்ற கலவையைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்து, கம்பால் குத்திக் குத்திப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக நிரப்பிக்கொண்டு வர வேண்டும். என் வீட்டில் விழுந்த அந்த மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்றரை அடிக் குழி முழுவதையும் இப்படிக் கலவையாலேயே நிரப்பினால்கூட ஒன்பது கன அடிதான், கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமெண்ட். ஸ்கூட்டர் நிற்கும் இடம் என்பதால் நான் இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன். வருத்தப்படவில்லை.

வலை

இதை விட்டால் மற்ற எல்லாமே தற்காலிகம். பெருச்சாளி தரையை மேலிருந்து துளைப்பதில்லை. ஓரத்தில் இறங்கி, அடியில் நுழைகிறது. ஆகவே திண்ணை ஓரம் நெடுக ஒரு தடுப்பு மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

கடையில் ‘கோழி வலை’ கொடுப்பார்கள். பூச்சு வேலைக்கு அது சரி, பெருச்சாளிக்கு அது நூல். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, கேளுங்கள். பாரிமுனை, பிராட்வே சந்துகளில் உள்ள ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கடற்காற்று அடிக்கும் தெருவில் துத்தநாகம் பூசிய கம்பிகூட வெளியே தெரிந்தால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். காசு கூடினாலும் எவர்சில்வர் வலை வாங்கலாம், இல்லையென்றால் சாதா வலையைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடலாம்.

முன்னால் சொந்த இடம் இருந்தால், திண்ணையை ஒட்டி ஒன்றரை, இரண்டடி ஆழத்துக்கு ஒடுக்கமாகக் குழி எடுத்து, வலையைச் செங்குத்தாக இறக்கி, அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடக்கிப் போட்டு மண்ணை மூடுங்கள். பெருச்சாளி சுவரோரமாக இறங்கித் தோண்டும்போது மடக்கிய வலையில் முட்டிக்கொள்ளும். ஓரடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. திண்ணை தெருவின் விளிம்பிலேயே இருந்தால் மடக்க இடமில்லை. அப்போது நான்கு அங்குல அகலக் குழியில் வலையை நிறுத்தி ஒன்றுக்கு மூன்றுக்கு ஆறு கான்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீட்டின் அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருக்கும். சுவரை ஒட்டி மொத்த நீளத்துக்கும் ஒரே நாளில் குழி வெட்டாதீர்கள். மூன்றடி வெட்டி, நிரப்பி, அது இறுகிய பிறகு அடுத்த மூன்றடி. அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு அங்குலம்கூட இறங்கக் கூடாது.

தளமும் பூச்சும்

இடித்துக் கெட்டிப்படுத்திய மண்மேல் மூன்று அங்குலத்துக்கு ஒன்றுக்கு நான்குக்கு எட்டு கான்கிரீட். அதன்மேல் வெல்டுமெஷை விரித்து, பழைய தரையின் ஓரத்தோடு ஒரு சாண் மேலேறும்படி வைத்து, மூன்று அங்குலத்துக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. எட்டடிக்கு நான்கடித் தரைக்கு இந்த மேல் தளத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மூட்டை சிமெண்ட் ஆகும். பழைய தரையின் உடைந்த விளிம்பை நனைத்து, சிமெண்ட் பால் தடவிவிட்டுத்தான் புதுக் கலவையைச் சேர்க்க வேண்டும். மறந்தால் அந்தக் கோட்டிலேயே விரிசல் ஓடும்.

வாட்டம் தெருவைப் பார்த்து இருக்கட்டும், எட்டடிக்கு ஒரு அங்குலம். ரசமட்டத்தை வைத்து நீங்களே பாருங்கள். கண்ணால் பார்த்து ‘இறக்கம் இருக்குண்ணே’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். கலவை காய்ந்த பிறகு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் உண்மை தெரிந்துவிடும், ஆனால் அப்போது திருத்த முடியாது.

சுவர் பழைய சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன்மேல் கெட்டி சிமெண்ட் பூச்சு வேண்டாம். சுவரிலுள்ள உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளிவிடும், இரண்டாம் வருஷம் பாளம் பாளமாகக் கழன்று விழும். சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்று கலந்து பூசச் சொல்லுங்கள். ‘சுண்ணாம்பெல்லாம் இப்ப யார் போடறா’ என்ற பதில் வரும். மூட்டையை நீங்களே வாங்கி முன்னால் வைத்துவிட்டால் போடுவார்.

மேல்முடிவு உங்கள் விருப்பம். பளபளக்கும் டைல்ஸ் மழையில் வழுக்கும், கோலமாவும் நிற்காது. நான் மணியாசுப் பலகையால் தேய்த்த சொரசொரப்புச் சிமெண்டோடு நிறுத்திக்கொண்டேன். வீட்டில் சிவப்புத் தரை கேட்டார்கள். அந்தக் கைவேலை தெரிந்த ஆள் கிடைத்தால் தாராளமாகப் போடலாம், தெரியாதவர் போட்டால் திட்டுத்திட்டாக நிற்கும்.

பிறகு தண்ணீர் விடுவது. குறைந்தது ஏழு நாள், இப்போது பெரும்பாலும் விற்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாள். ஈரச் சாக்கைப் பரப்பி அது காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஊற்ற வேண்டும். அந்தப் பத்து நாளும் ஸ்கூட்டர் தெருவில்.

மேலே, ஓட்டுக்கூரையில்

ராத்திரி கூரைமேல் ஆள் நடப்பது போலச் சத்தம், காலையில் ஓடு நகர்ந்திருக்கிறது, பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடக்கிறது என்றால் அது மரநாய். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. கீரிக்கும் அதே சட்டம்தான். பிடிப்பதோ அடிப்பதோ குற்றம். உள்ளே குட்டிச் சத்தம் கேட்டால் குட்டிகள் வளர்ந்து போகும்வரை பொறுத்திருங்கள், அல்லது வனத்துறையிடம் சொல்லுங்கள். தாய் வெளியே போன நேரத்தில் அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்துப்போகும், தாய் கூரையைப் பிய்க்கும்.

காலியானது உறுதியான பிறகு உடைந்த மங்களூர் ஓடுகளைக் கீழ் வரிசையிலிருந்து மேலாக மாற்றிக்கொண்டு போக வேண்டும். ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் மரச்சட்டம் உளுத்திருந்தால் ஓடுகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அதே அரை அங்குல வலையால் அடைத்தால் அணிலும் வராது. கூரையைத் தொடும் முருங்கை, கொய்யாக் கிளைகளை வெட்டுங்கள். தெரு மரமாக இருந்தால் மாநகராட்சியிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

முடிந்த பிறகு

முதல் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை இரவில் திண்ணையோரம் கோலமாவு தூவிப் பாருங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் கட்டாயம் பாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது சாக்கடைப் பெருச்சாளிகள் மேடு தேடி ஏறும், புது இடத்தில் தோண்டிப் பார்ப்பதும் அப்போதுதான். புதுமண் தெரிந்தால் அன்றைக்கே காகிதச் சோதனையைத் தொடங்குங்கள்.

கடைசியாக, மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு படம் ஒட்டி வையுங்கள். சேம்பர் எங்கே, புதுப் பைப் இணைப்பு எங்கே, கேபிள் எந்தப் பக்கம், வலை எத்தனை அடி ஆழம், வேலை செய்த தேதி. என் வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் இப்படி ஒன்று எழுதி வைத்திருந்தால், அடிபம்புக் குழாயைத் தேடி நான் மூன்று இடத்தில் தோண்டியிருக்க மாட்டேன்.